மாப்பிள்ளை அழைப்பும் மூன்று சிலிண்டரும்

சக்கரம் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த மகத்தான காரியம் எதுவென்று கேட்டால், எஞ்சினைச் சிறிதாக்கியதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பெரிய எஞ்சின் பெரிய வேலை செய்வதில் என்ன அதிசயம் இருக்கிறது? அதை எருமைகூடச் செய்யும். எஞ்சினைப் பாதியாக வெட்டி, அதற்குக் காற்றூத ‘டர்போ’ என்று ஒன்றைச் செருகி, பழையதைவிடச் சக்தி அதிகம் என்று அச்சடித்து, பழையதைவிட விலையையும் அதிகமாக்கி விற்பதற்குத்தான் அறிவு வேண்டும். அந்த அறிவு நம் காலத்தில் கிடைத்திருக்கிறது. காட்டுப்பாக்கம் ஜெகதீஷுக்கு அது வெள்ளை நிறத்தில் கிடைத்தது.

ஜெகதீஷ் அம்பத்தூரில் ஓர் ஐ.டி. கம்பெனியில் ‘பெர்ஃபார்மன்ஸ் அனலிஸ்ட்’. மற்றவர்கள் எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பதை வேகமாகக் கண்டுபிடித்துச் சொல்பவன். அப்பேர்ப்பட்டவன் பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்குவதுதானே முறை. வாங்கிய வண்டியின் பெயர் ‘வஜ்ரா டர்போ’. பழைய வஜ்ராவுக்கு இரண்டு லிட்டர் எஞ்சின், நான்கு சிலிண்டர். ‘முற்றிலும் மறுவடிவமைக்கப்பட்ட’ புதிய வஜ்ராவுக்கு ஒன்றேகால் லிட்டருக்கும் குறைவு, மூன்று சிலிண்டர்.

“நாலாவது சிலிண்டர் எங்க போச்சு?” என்று ஷோரூமில் கேட்டான்.

“அது வெயிட் ரிடக்‌ஷன் சார்” என்றாள் அங்கே விற்பனையைக் கவனித்த சுரேகா.

இல்லாத பொருளை இவ்வளவு மரியாதையாக அவனிடம் யாரும் விற்றதில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

புதிய எஞ்சினுக்கு நூற்று முப்பது குதிரைச் சக்தி. பழையதைவிட ஐந்து குதிரை கூடுதல். ஒரே ஒரு சின்ன விஷயம். இந்தக் குதிரைகள் நேரத்துக்கு வேலைக்கு வருவதில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றைத் தாண்டிய பிறகுதான் டர்போ கண் விழிக்கும். அதுவரை அந்தச் சின்ன எஞ்சின் தன் சொந்தக் கையை நம்பித்தான் பிழைக்க வேண்டும். பூந்தமல்லிச் சாலையில் காலையிலும் மாலையிலும் நகர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வண்டிகள் போவதில்லை, இடம் மாற்றி நிற்கின்றன. வண்டி வாங்கியதிலிருந்து ஜெகதீஷ் அந்த இரண்டாயிரத்தை இரண்டு முறைதான் தாண்டியிருந்தான். அதில் ஒன்று நியூட்ரலில்.

ஆனாலும் அவன் கலங்கவில்லை. சக்தி என்பது இருந்தால் போதும், பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

இந்த நேரத்தில்தான் நெமிலிச்சேரியில் அவன் மாமனார் அழகேசன் தன் கடைசிப் பெண் ஸ்வாதிக்குக் கல்யாணம் வைத்தார். அழகேசன் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நெல் விளைந்த இடத்தில் இப்போது வாடகை விளைகிறது. மாப்பிள்ளை இளங்கோ, ஆவடிக்காரன், ஆடிட்டர் ஆபீசில் வேலை. முதல் நாள் மாலை அம்மன் கோவிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை அழைப்பு.

“வாடக வண்டி வாணாம். நம்ம ஊட்டு வண்டியிலதான் மாப்ள வரணும்” என்று அழகேசன் அறிவித்துவிட்டார்.

நம்ம வீட்டு வண்டிகள் இரண்டு. ஒன்று ஜெகதீஷுடையது. இன்னொன்று மூத்த மருமகன் பச்சையப்பனுடையது, பழைய வஜ்ரா. பச்சையப்பன் பட்டாபிராமில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அழகேசன் வீட்டுக் கோழிக் குழம்பில் தொடைக் கறி முதலில் பச்சையப்பன் இலைக்குப் போகும், கழுத்துக் கறி ஜெகதீஷ் இலைக்கு வரும். ஏழு வருடங்களாக இதுதான் நடைமுறை. ‘பெரிய மாப்ள கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்’ என்று எல்லா விஷயத்திலும் சொல்வார்கள். சின்ன மாப்பிள்ளையிடம் வைஃபை வேலை செய்யாதபோது மட்டும் கேட்பார்கள். ஜெகதீஷுக்கு அது வலித்தது. கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் தன் வண்டி நின்றுவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் தன்னை யாரும் இரண்டாவது ஆளாக வைக்க முடியாது என்று அவன் மனசார நம்பினான்.

வண்டித் தேர்வுக் கூட்டம் அழகேசன் வீட்டு ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது.

“என் வண்டி கீது மாமா” என்றான் பச்சையப்பன். “ரெண்டு லிட்ரு. யானைய கட்டினாக்கூட இய்த்துகினு வரும்.”

“மாப்பிள்ளை அழைப்புக்கு யானை எதுக்குண்ணே?” என்றான் ஜெகதீஷ். லேப்டாப்பைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினான். “மாமா, இதுதான் என் வண்டியோட டார்க் கர்வ். எந்த வேகத்துல எவ்ளோ இழுக்கும்னு காட்டுற கோடு.”

அழகேசன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “இந்தக் கோடு இன்னாத்துக்கு மொதல்ல படுத்துகினு கீது? அப்பால எகிறுது?”

“எகிறுது பாருங்க, அங்கதான் மாமா பவர்.”

“படுத்துகினு கீற எடத்துல?”

“அங்கெல்லாம் யாரும் வண்டி ஓட்ட மாட்டாங்க மாமா.”

ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர் விளக்கும்போது தலையாட்டுவோமே, அந்த மாதிரி அழகேசன் தலையாட்டினார். பச்சையப்பன் தன் வண்டிக்கு வரைபடம் கொண்டு வராத குற்றத்துக்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். இருந்தாலும் இரு தரப்பும் சமமாகத்தான் இருந்தன. அப்போது மணப்பெண் ஸ்வாதி உள்ளேயிருந்து ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்த வண்டிப்பா மேல தொறக்கும்?”

ஜெகதீஷின் வண்டிதான் மேலே திறக்கும். அதில் சன்ரூஃப் உண்டு. மாப்பிள்ளை மாலையோடு மேலே எழுந்து நின்று ஊருக்குக் கை காட்டலாம். லிட்டர், சிலிண்டர், குதிரை எல்லாம் அந்த நொடியில் காலாவதியாயின. கூட்டம் ஒருமனதாக முடிந்தது.

பொறுப்பை உணர்ந்த ஜெகதீஷ் மறுவாரமே ஒத்திகை பார்த்தான். விடிகாலையில் மனைவி ஜெயப்பிரியாவை உட்காரவைத்து வெளிவட்டச் சாலைக்குப் போனான். காலியான சாலை. மிதித்தான். டர்போ விழித்துக்கொண்டது. வண்டி பறந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெயப்பிரியா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். “ஏங்க, அழைப்புல வண்டி நடந்து போற வேகத்துலதான போவும்? அப்படி ஒரு தபா ஓட்டிப் பாத்துடுங்களேன்.”

“இவ்ளோ வேகமா போற வண்டிக்கு மெதுவா போகத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு ஜெகதீஷ் சிரித்தான்.

அந்தச் சிரிப்போடு ஒத்திகை வெற்றிகரமாக நிறைவுற்றது.

அழைப்பு நாள் வந்தது. வெள்ளை வஜ்ரா டர்போ ரோஜாப்பூவில் மூழ்கிக் கோவில் வாசலில் நின்றது. இளங்கோ சன்ரூஃப் வழியாக எழுந்து நின்றான். உள்ளே, இந்த மாதிரி வேளையில் எங்கிருந்தோ வரும் பிள்ளைகள், பின்சீட்டில் ஆறு பேர் ஏறிக்கொண்டார்கள். முன்சீட்டில் மாப்பிள்ளையின் அத்தை நாகம்மா, மடியில் சீர்த்தட்டு. வெளியே புழுக்கம், ஏசி முழு வேகத்தில். இத்தனையையும் இழுக்க வேண்டியது அந்த மூன்று சிலிண்டர். முன்னால் பேண்டு செட். அவர்கள் நான்கு அடி நடப்பார்கள், நின்று ஒரு பாட்டை முழுசாக வாசிப்பார்கள், மறுபடி நான்கு அடி.

ஜெகதீஷ் கிளட்சை மெல்ல விட்டான். வண்டி நடுங்கி ஆஃப் ஆயிற்று. ஸ்டார்ட் செய்து கொஞ்சம் கூட மிதித்தான். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு துளி. நூற்று முப்பது குதிரைகளும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. வண்டி துள்ளியது, பெரிய டிரம் அடிப்பவர் பாட்டின் நடுவில் ஓடினார், ஜெகதீஷ் பிரேக் போட்டான். மேலே நின்ற இளங்கோ முன்னால் சாய்ந்து, பின்னால் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தான்.

“மாப்ள செம்ம குத்து மாமே!” என்று கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான்.

கோவிலிலிருந்து மண்டபம் வரை இதே நடனம். வண்டி ஒவ்வொரு முறை துள்ளும்போதும் இளங்கோ தோளைக் குலுக்கி, கழுத்தை வெட்டி, இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தான். ஊர் ஆரவாரம் செய்தது. பேண்டு செட்காரர்கள் மாப்பிள்ளையின் உற்சாகத்தைப் பார்த்துத் தாளத்தைக் கூட்டினார்கள். உள்ளே ஜெகதீஷ் ஏசியிலும் வியர்த்தான். அரைக் கிளட்சில் காலை வைத்து வைத்துத் தொடை மரத்துவிட்டது.

மண்டபம் வந்தது. அந்த மண்டபம் தொலைநோக்கோடு கட்டப்பட்டது. நம் பக்கம் சாலை போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதைப் போடுவதால் சாலை வருடா வருடம் உயர்ந்துகொண்டே போகிறது. அடுத்த முப்பது வருடத்துச் சாலையையும் மழைத் தண்ணீரையும் கணக்கில் வைத்து மண்டபத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். சாலை அந்த உயரத்துக்கு வந்து சேரும்வரை ஒரு செங்குத்தான சரிவில்தான் வண்டி ஏற வேண்டும். அந்தச் சரிவின் நடுவில் வண்டியை நிறுத்தி ஆரத்தி சுற்றுவது அழகேசன் வீட்டு வழக்கம்.

ஆரத்தி சுற்றினார்கள். திலகம் வைத்தார்கள். பெண்கள் தட்டோடு மேலே இரண்டு அடி விலகி நின்று, “வா மாப்ளே, மேல வா” என்றார்கள்.

ஜெகதீஷ் முன்கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தான். கொஞ்சமாக மிதித்தால் வண்டி ஏறாது. நிறைய மிதித்தால் டர்போ விழித்து, ஆரத்தித் தட்டையும் அதைப் பிடித்திருக்கும் பெரியம்மாவையும் சேர்த்துக்கொண்டு சமையல்கட்டில் போய்த்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவே அந்த எஞ்சினில் எதுவுமே இல்லை. வரைபடத்தில் கோடு படுத்திருந்த இடத்தில் அவன் இப்போது குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

ஆஃப் ஆயிற்று. ஸ்டார்ட் செய்தான். மறுபடி ஆஃப். சரிவில் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் நவீன வசதி வண்டியில் இருந்தது. முன்னால் போகும் வசதிதான் அப்போதைக்கு இல்லை. கிளட்ச் கருகிய நெடி கிளம்பியது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்து, “என் சாம்பார் இல்லீங்க, என் சாம்பார் நல்லாத்தான் கீது” என்று எல்லோரிடமும் சத்தியம் செய்தார்.

“பொண்ணு ஊட்டு வண்டி வாசப்படியே ஏற மாட்டேங்குதே” என்றாள் முன்சீட்டு நாகம்மா, ஊருக்கே கேட்கும்படி. “இது இன்னா சகுனம்?”

மேளம் நின்றுவிட்டது. ஜெகதீஷுக்கு அப்படியே அந்தச் சன்ரூஃப் வழியாக ஆகாயத்துக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

பச்சையப்பன்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினான். “வாங்கடா” என்றான். பேண்டு செட்காரர்கள் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். வஜ்ரா டர்போவைப் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, மாப்பிள்ளை மேலே கை காட்டிக்கொண்டே நிற்க, வண்டி சரிவில் ஏறியது. அன்றைக்கு அது போன பயணத்திலேயே ஒரு குலுக்கலும் இல்லாமல் போன தூரம் அதுதான்.

நாகம்மா இறங்கியதும் அழகேசன் நேராக அவளிடம் போனார். “சம்பந்தி, தெரியாம பேசிட்டீங்க. மாப்ளய மண்டபத்துக்கு மிஷினு ஏத்தக்கூடாது. பொண்ணு ஊட்டு ஆம்பளைங்கதான் கையால தள்ளி ஏத்தணும். எங்க ஊரு வயக்கம் அது.”

நாகம்மா முகம் மலர்ந்தது. “அப்படியா! எங்க சைடுல இதெல்லாம் எப்பவோ வுட்டுட்டாங்க. நீங்க இன்னும் வச்சிகினு கீறீங்களே, பெரிய விஷயம்.”

இப்படியாக நெமிலிச்சேரியின் மிகப் பழமையான வழக்கம் அன்று மாலை தொடங்கியது.

சாப்பாட்டுப் பந்தியில் ஜெகதீஷ் பச்சையப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கிண்டல் செய்வான் என்று காத்திருந்தான். பச்சையப்பனோ, “லோடு ஜாஸ்தி தம்பி, எந்த வண்டியா இருந்தாலும் திணறும்” என்று சொல்லிவிட்டுத் தன் இலையில் விழுந்த வடையை எடுத்து ஜெகதீஷ் இலையில் வைத்தான். அடித்திருந்தால்கூட ஜெகதீஷ் தாங்கியிருப்பான். அந்த வடையைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது இளங்கோ கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணா, யார் கிட்டயும் சொல்லல. நானும் இதே வண்டிதான் புக் பண்ணிகீறேன். வாணாம்னா நாளான்னிக்குள்ள கேன்சல் பண்ணிடலாமாம். நீங்க ஓட்டிகினு கீறீங்க. மறைக்காம சொல்லுங்கண்ணா, வண்டி எப்படி?”

ஜெகதீஷ் நிமிர்ந்தான். பந்தி விசாரிக்க வந்த ஜெயப்பிரியா ரசவாளியோடு அப்படியே நின்றாள். பச்சையப்பன் மெல்லுவதை நிறுத்தினான். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் நாளை தாலி கட்டப்போகும் பையன் தப்பிப்பான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், ஏழு வருடமும், வரைபடமும், காணாமல் போன நான்காவது சிலிண்டரும் பச்சையப்பன் காதில் விழும்.

“பக்கா வண்டி தம்பி” என்றான் ஜெகதீஷ். “கண்ண மூடிகிட்டு எடு. இன்னிக்கு அந்த பேண்டு செட்டுதான் ரொம்ப ஸ்லோ.”

“நானும் அதான்ணா நெனச்சேன்!” என்றான் இளங்கோ. கழுத்து வலி அப்போதே பாதி குறைந்துவிட்டது அவனுக்கு. ஜெயப்பிரியா கணவன் இலையைத் தாண்டி அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனாள்.

பூந்தமல்லிச் சாலை நெடுக வஜ்ரா கம்பெனிக்காரர்கள் ஆளுயரத்துக்கு விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். வீண் செலவு. அடுத்த மறுவடிவமைப்பில் இரண்டே சிலிண்டர் என்று பேச்சு அடிபடுகிறது. தாராளமாகக் குறைக்கட்டும். பின்னால் நின்று தள்ளுவதற்கும், பந்தியில் உட்கார்ந்து ‘பக்கா’ என்று சொல்வதற்கும் நம் வீடுகளில் ஆள் இருக்கும்வரை, வண்டிக்கு எஞ்சின் எதற்கு?