கேம்பர் வேனுக்கு நட்ட பந்தக்கால்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. கரடி இல்லாத காடு உண்டா, இதில் என்ன கதை என்று கேட்காதீர்கள். இது கேம்பர் வேனில், அதாவது சக்கரம் வைத்த வீட்டில், குடியிருந்த கரடி. அப்படிப்பட்ட கரடியை ‘இருந்தது’ என்று சொன்னால் மரியாதையாக இராது, ‘இருந்தார்’ என்றே சொல்லிவிடுவோம். பெயர் தங்கப்பழம். மலையடிவாரத்துக்குச் சுற்றுலா வந்த மனுஷர்கள் சிலர், புதருக்குள்ளிருந்து இவர் தலை தெரிந்ததும் வண்டி, சாவி, செருப்பு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். நாலு நாள் காத்திருந்து பார்த்தார், ஒருத்தரும் திரும்பி வரவில்லை. ஐந்தாம் நாள் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டார்.

அந்த வண்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. பக்கவாட்டில் கூரையை ஒட்டி ஒரு துணிச்சுருள். கைப்பிடியை மாட்டி முப்பத்திரண்டு சுற்றுச் சுற்றினால் துணி வெளியே நீண்டு பந்தலாகிவிடும். முன்பக்கம் இரண்டு அலுமினியக் கால்கள் இறங்கித் தரையில் ஊன்றிக்கொள்ளும். திருப்பிச் சுற்றினால் எல்லாம் சமர்த்தாக உள்ளே போய்விடும். ஆனால் தங்கப்பழம் ஒருநாளும் திருப்பிச் சுற்றியதில்லை. பந்தல் உள்ளே போய்விட்டால் இருப்பது யாருக்குத் தெரியும்?

அவருக்கு அந்தப் பந்தல் வெறும் நிழல் இல்லை. மகள் தேனரசிக்கு முதலில் வந்த சம்பந்தம் குகை ஒழுகுகிறது என்று தட்டிப்போயிற்று. இரண்டாவது சம்பந்தக்காரர்கள், வாசலில் நாலு பேர் உட்கார இடமில்லை என்று வந்த வழியே போய்விட்டார்கள். பந்தல் வந்த பிறகுதான் ஓடைக்கு அக்கரையிலிருந்து சடையப்பன் என்ற பெரிய கரடி தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பந்தலைத்தான் பார்த்தார். ஆனி மாதம் முகூர்த்தம் குறித்தார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பந்தக்கால் நட வேண்டும். மூங்கில் வெட்டி, குழி தோண்டி நடுவதுதான் முறை. “கால்தான் ஏற்கெனவே நிக்கே, இதுக்கு எதுக்குத் தனியா ஒண்ணு?” என்றாள் தங்கப்பழத்தின் மனைவி பிச்சம்மாள். அலுமினியக் காலுக்கே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து தொங்கவிட்டாள். ஏழு சுமங்கலிகள், ஐந்து கரடியும் இரண்டு மிளா மானுமாக, சுற்றி நின்று குலவை போட்டார்கள். அவ்வளவுதான், அது பந்தக்கால் ஆகிவிட்டது. தாலி கட்டி முடியும்வரை அதை அசைக்கக் கூடாது.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம், பக்கத்துப் புதரில் குடியிருக்கும் முள்ளம்பன்றி இசக்கி ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தான். வண்டியோடு வந்த வழிகாட்டிப் புத்தகம் அது. அந்தக் காட்டில் எதையும் வாசித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது.

“அண்ணாச்சி, முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான். காத்து வந்தா பந்தலைச் சுருட்டி வைக்கணுமாம். வண்டியில கிடந்த போன்லயும் பாத்தேன், இன்னைக்கு ராத்திரி காத்து பிச்சு உதறப் போகுது. முப்பத்திரண்டு சுத்து, சோலி முடிஞ்சுது. காலையில எந்திரிச்சு மறுபடி விரிச்சிருவோம்.”

பிச்சம்மாள் தலையில் கை வைத்துவிட்டாள்.

“வாயைக் கழுவுங்க தம்பி! நட்ட பந்தக்காலைப் பிடுங்கச் சொல்லுதீகளே, விளங்குமா? பந்தல் இல்லைன்னா கல்யாணம் நின்னுபோச்சுன்னு விடியுறதுக்குள்ள அக்கரைக்குச் சேதி போயிராதா?”

“சரி மைனி, சுருட்ட வேண்டாம். ஒரு காலை மட்டும் கொஞ்சம் தாழ்த்துங்க, மழைத்தண்ணி வடியட்டும்.”

“கல்யாணப் பந்தலை நொண்டியாக்கவா?”

“மேல குறுக்கால ஒரு கயிறாவது போட்டு இழுத்துக் கட்டுவோமே?”

“குறுக்குக் கயிறா? பாடைக்குத்தான்யா அப்படிக் கட்டுவாங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் இசக்கிக்கு முள்ளெல்லாம் எழுந்து நின்றுவிட்டது.

இசக்கி சொல்வது சரி என்று தங்கப்பழத்துக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் வண்டிக்குள்ளே தேனரசி, மருதாணி வைத்த கைகளை எதிலும் படாமல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது சம்பந்தமும் தட்டிப்போனால் பிள்ளை தாங்க மாட்டாள். அதனால் சரியானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தார்.

முதலில் காட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே பந்தலை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கிற, காற்றுக்குத் தாங்கும் முளைகள் கொடுப்பதாகக் கேள்வி. வரிசையில் முன்னால் பதினொரு முயல்கள். அவர் முறை வந்தபோது, குமாஸ்தா நாரை ஒற்றைக்காலில் நின்றபடி ஒரு படிவத்தை நீட்டியது.

“இதுல ‘பந்தல் எந்தத் தேதியில் கிழிந்தது’ன்னு ஒரு கட்டம் இருக்கே?” என்றார் தங்கப்பழம்.

“ஆமா, நிரப்புங்க.”

“இன்னும் கிழியலை சார். கிழியக் கூடாதுன்னுதானே முளை கேக்க வந்தேன்?”

“கிழியாத பந்தலுக்கு எப்படிய்யா முளை கொடுக்க முடியும்? கிழிஞ்சதும் போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க. உடனே தாரோம்” என்று சொல்லிவிட்டு நாரை சாப்பிடப் போய்விட்டது.

கடைசியில் அவருக்கு உடும்பு மாசானத்தின் ஞாபகம் வந்தது. மாசானம் பிடித்தால் பிடித்ததுதான். ஒருமுறை கோபத்தில் அத்தான் வாலைப் பிடித்தவர், சமாதானம் பேசி முடித்து ஒரு மாதம் கழித்துத்தான் விட்டார்.

“மாசானம், இந்தப் பந்தக்காலை விடிய விடியப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். யார் வந்து சொன்னாலும் விடக் கூடாது.”

“நீங்க சொன்னா?”

“நானே சொன்னாலும் விடாதேயும்!” என்றார் தங்கப்பழம். ரொம்பவும் புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக அவருக்கு அப்போது தோன்றியது.

மாசானம் காலைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் படுத்த பிறகு காற்று வந்தது. அடேயப்பா, அது என்ன காற்று! வண்டியே தொட்டில் மாதிரி ஆடியது. பந்தல் துணி உப்பி உப்பி அடங்கியது. அதன் நடுவில் மழைத்தண்ணீர் குளம் கட்டி நின்றது. பிச்சம்மாள் குறட்டை விடுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தங்கப்பழம் மெள்ள இறங்கிவந்து கைப்பிடியை மாட்டினார். ஊர் என்ன சொன்னால் என்ன, பந்தல் மிஞ்சினால் காலையில் விரித்துக்கொள்ளலாம். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. நாலாவது சுற்றில் கைப்பிடி நகரவில்லை.

“எவன்டா அது, பந்தக்காலை இழுக்கிறது?” என்று கண்ணைத் திறக்காமலே கத்தினார் மாசானம்.

“சத்தம் போடாதேயும், நான்தான். விடும்வே!”

“நீங்க சொன்னாலும் விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக?”

“இப்ப நான்தான் சொல்லுதேன், விடுங்கேன்!”

“அதைத்தானே அண்ணாச்சி விடக் கூடாதுன்னு சொன்னீக!”

இந்த நியாயத்துக்கு அவர் பதில் யோசிப்பதற்குள் காற்று துணிக்கு அடியில் புகுந்து ஒரு தூக்குத் தூக்கியது. படபடவென்று ஒரு சத்தம். பந்தல் வண்டியிலிருந்து பிய்த்துக்கொண்டு, கால், மாவிலை, நவதானியம், மாசானம் சகிதமாக ஓடையைத் தாண்டிப் பறந்து இருட்டில் மறைந்தது. தங்கப்பழத்தின் கையில் மிஞ்சியது கைப்பிடி மட்டும்தான். அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு மழையில் நின்று குழந்தைபோல் அழுதார்.

விடிந்ததும் பிச்சம்மாள் மொட்டை வண்டியைப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். தேனரசி மருதாணிக் கையை மடியில் வைத்துப் பார்த்தபடியே இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஓடைப்பக்கம் மேளச் சத்தம் கேட்டது. சடையப்பன் கும்பலோடு வந்துகொண்டிருந்தார். தங்கப்பழம் கைப்பிடியை முதுகுப்பக்கம் இடுப்பில் செருகி ஒளித்துக்கொண்டு, காலில் விழத் தயாராக நின்றார்.

வந்தவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி! நீருல்லவா சம்பந்தி! மாப்பிள்ளை வீட்டு வாசல் வெறிச்சுன்னு கிடக்கேன்னு எம் பொண்டாட்டி மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா. உம்மகிட்ட கேக்க எனக்கு வெக்கம். கேக்காமலே ராத்திரியோட ராத்திரியா பந்தலை அனுப்பி வச்சிட்டீரே! அதுவும் பந்தக்காலோட! பிடிச்சுக்கிட்டு நிக்க ஒரு ஆளையும் போட்டு அனுப்பியிருக்கீரு. இந்த நிமிஷம் வரை மனுஷன் கையை எடுக்கலை!”

தங்கப்பழம் பிச்சம்மாளைப் பார்த்தார். பிச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை வீடு வெறும் வாசலா இருக்கலாமா சம்பந்தி?” என்றார் தங்கப்பழம்.

பந்தக்கால் நிற்கிற இடத்தில்தான் தாலி கட்ட வேண்டும் என்று சொல்லி, கல்யாணம் அக்கரையில் ஜாம்ஜாமென்று நடந்தது. மாசானத்துக்குக் கை ஒழியாததால் மாப்பிள்ளையின் அம்மாவே பாயசத்தை வாயில் ஊற்றிவிட்டாள். தேனரசி சிரித்த சிரிப்பைப் பார்த்துத் தங்கப்பழத்துக்கு மறுபடியும் கண் கலங்கியது.

சாப்பாட்டுக்கு இலை போடும்போது இசக்கி அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, இடுப்புல என்ன, கைப்பிடியா? ராத்திரி சுருட்டப் பாத்தீகளோ?” என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

சடையப்பன் திரும்பிப் பார்த்தார். தங்கப்பழம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக் கைப்பிடியை மறைத்துக்கொண்டார்.

“தம்பி இசக்கி, உம் முள்ளு பக்கத்து இலைக்காரனைக் குத்தும். நீ அடுத்த பந்தியில உக்காரு” என்றார் அன்பாக.

அடுத்த பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த பந்தியில் நாரையும் பதினொரு முயல்களும். இசக்கி புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, பாயசக் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீதி: சரியான யோசனை சொல்கிறவர்கள், கல்யாணத்துக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரவும்.