ஒரே கோட்டில் குணப்படுத்துகிறவர்

டாக்டர்களில் மருந்து எழுதுகிறவர்கள் ஒரு ரகம். அடுத்தவர் எழுதிய மருந்தை அடிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பழைய டாக்டர் ஓய்வு பெற்ற கையோடு அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அதன் உயரத்தைத் திருகித் திருகிச் சரிசெய்து, முன்னவர் எழுதிய சீட்டைப் புருவத்தாலேயே படித்து, மூக்கால் சிரித்து, பேனாவைத் திறந்து அதன் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான். நோய் தீர்ந்தது!

என் அக்கா அப்படி ஒரு கோட்டில்தான் மாட்டினாள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாத ஜீவன்களின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு காலத்தில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வாசலைத் தாண்டவே பயந்து கிடந்தவளை மறுபடி அந்த இருக்கையில் உட்காரவைத்தது தினம் ஒரு சின்ன மாத்திரை.

"எத்தனை வருஷமா இதைப் போடறீங்க?"

"பத்து வருஷத்துக்கு மேல இருக்கும் டாக்டர்."

"சரியாப் போச்சு! அடிமையாயிட்டீங்கம்மா. இன்னியோட நிறுத்துங்க. மனசுல தைரியம் இருந்தா மாத்திரை எதுக்கு?"

"விடறதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்னு பழைய டாக்டர்..."

"நான் டாக்டரா, அவர் டாக்டரா?"

இரண்டு பேருமேதான் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. நிறுத்திவிட்டாள்.

சில நாளிலேயே தூக்கம் போனது, கை நடுங்கியது. ஒரு காலையில், எதிரே ஈ காக்கை இல்லாத நேர்ச்சாலையில், கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கம் வைத்திருந்த தனிப் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பின்னால் வந்த பால்வண்டி டமாலென்று முட்டியது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று அழுதார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல டீச்சர். எனக்குத்தான் என்னமோ ஆகுது" என்று அக்காவும் அழுதாள்.

நான்தான் அவளைத் திரும்பக் கூட்டிப்போனேன். டாக்டர் முகத்தில் என்ன பூரிப்பு! "பாத்தீங்களா, அந்த மாத்திரை உங்களை எவ்வளவு கெடுத்து வெச்சிருக்கு!"

நோயாளி தேறினால் நிறுத்தியது சரி. படுத்தால் நிறுத்தியது அதைவிடச் சரி. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் அவருக்கே ஜெயம். அக்கா? அவள் சுண்டிவிடப்பட்ட காசு.

வேறு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடறதைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல நீங்க தூங்கணும்" என்று மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். பல மாதமாகத் துளித்துளியாய்க் குறைத்து, அக்கா இப்போது பாதியில் இருக்கிறாள். மறுபடி காரில் ஏறிவிட்டாள். மீதிப் பாதியை எப்போது விடுவது, விடுவதா வேண்டாமா என்பது அவர்கள் இருவர் பேச்சு.

அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே படித்தீர்களா? நல்லது. சாப்பிட்டு முடித்து மாத்திரையைக் கையில் எடுத்த உங்கள் மைத்துனரிடம், "இதெல்லாம் எதுக்கு மாப்ளே? தூக்கிப் போட்டுட்டுக் காலையில நல்லா நடங்க" என்று சொன்னது யார்?

அந்த டாக்டராவது படித்துவிட்டுச் சொன்னார்.