சம்சயக் கம்பவுண்டரும் பதினெட்டாவது கள்ளத்தரமும்

ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று போதகர் வாசித்தால் சபை முழுக்க ஆமென் சொல்லும். எங்கள் ஊர்க் கம்பவுண்டர் மட்டும் பக்கத்தில் இருப்பவர் காதுப்பக்கம் குனிந்து, "மரிச்சாருண்ணு மொதல்ல நாடி பாத்துச் சொன்னது ஆராக்கும்?" என்று கேட்பார். பூவார்க் கடலில் தண்ணீர் உப்பு என்று சொன்னாலும் ஒரு கை அள்ளி நக்கிப் பார்த்துவிட்டு, "இண்ணைக்கு உப்புதான், செரி" என்று சொல்லக்கூடிய ஆள். பாறசாலைப் பக்கத்தில் எங்கள் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். இரண்டுக்கும் பொதுவாக அவருக்குச் ‘சம்சயக் கம்பவுண்டர்’ என்று பெயர் விழுந்திருந்தது. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் எதற்காகக் கேட்கிறாய் என்று அதற்கு ஒரு விசாரணை வைத்திருப்பார்.

வெகுகாலம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலக்கிவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். அங்கே லீவு சர்ட்டிபிகேட்டுக்காகப் பொய்க் காய்ச்சலோடு வந்தவர்கள்தான் மனுஷனை இப்படிக் கெடுத்துவிட்டார்கள். கக்கத்தில் வெங்காயம் வைத்துக்கொண்டு வந்தவர், கொதிக்கிற காப்பியை வாயில் அடக்கிக்கொண்டு வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தார். தலைப்பு: ‘காய்ச்சல் கள்ளத்தரங்கள்’. கள்ளத்தரம் என்றால் எங்கள் பக்கத்தில் தில்லுமுல்லு. மொத்தம் பதினேழு. அதில் ஒன்பதாவது, தெர்மாமீட்டரைச் சுடுவெள்ளத்தில், அதாவது வெந்நீரில், முக்கியெடுப்பது. அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முகம் சிவந்துவிடும். தெர்மாமீட்டருக்குச் செய்கிற துரோகம் என்பார்.

சாவிலும் அவருக்குச் சந்தேகம்தான். துக்க வீட்டுக்கு வந்தால் சட்டைப் பையிலிருந்து வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் பிரேதத்தின் மூக்கருகே பிடிப்பார். மூச்சு படிகிறதா என்று பார்க்க. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஒருமுறை போதகர் வெயிலில் நின்று நின்று, "கம்பவுண்டரே, அடக்கம் பண்ணலாமா?" என்று கெஞ்சியபோது, "நிக்கும், அவசரம் ஒமக்கா அவருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவர் பிழைத்த காலமோ, ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட காலம். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. உதியன்குளங்கரை முக்கில் புதிதாக ஒருவன் குடையோடு நின்றால் போலீஸ் உளவாளி என்போம். குடை இல்லாமல் மழையில் நின்றால் கட்டாயம் உளவாளி என்போம். கம்பவுண்டர் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. என் மாமியார் நேராகவே கேட்டார். "எனக்கு ரெண்டு பக்கத்து மேலயும் சம்சயம் உண்டு" என்று சொல்லிவிட்டார் மனுஷன். அன்றிலிருந்து மாமி அவரைப் போலீஸ்காரனுடைய ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஆதாரம் எழுத்துக்காரர். ரிஜிஸ்டர் கச்சேரி வாசலில் உட்கார்ந்து நிலப் பத்திரம் எழுதுவார். போராட்டத்துக்காக ரகசியமாக நோட்டீசும் எழுதினார். எழுதியவர் சும்மா எழுதக்கூடாதா? கை பழக்கம் விடுமா? "கிழக்கே மலை, வடக்கே நெய்யாறு, தெற்கும் மேற்கும் கடல், இந்த நான்கெல்லைக்குட்பட்ட பூமியும் அதிலுள்ள மாவடை, மரவடை, கிணறு, வழிநடைப் பாத்தியதை உள்பட தமிழருக்குச் சொந்தம்" என்று எழுதிச் சுவர் சுவராக ஒட்டிவிட்டார். துப்பறியப் போலீசுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. தாலுகா முழுக்க இப்படி எழுதக்கூடியவர்கள் நாலே பேர். மற்ற மூன்று பேரும் கண்ணாடி போட்ட கிழவர்கள், ஏணியில் ஏற முடியாது.

போலீஸ் தேடுகிறது என்று தெரிந்ததும் மனுஷர் இரண்டு நாள் மழையில் அதியன்னூர்ப் பக்கம் யார் யார் தோட்டத்திலோ ஒளிந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில், போலீஸ் வீட்டைச் சோதனை போட்டுவிட்டுப் போன பிறகு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வீட்டில் வந்து விழுந்தார். உடம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோகலாம் என்றால் ரோடு முழுக்கப் போலீஸ். கலியாணமாகி எனக்கு எட்டு மாசம். வேறு வழியில்லாமல் கம்பவுண்டரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் வாசலிலேயே நின்று, "காய்ச்சல் எண்ணு ஆரு சொன்னது?" என்றார்.

"தொட்டா சுடுது ஐயா."

"ஒனக்க கை தணுத்திருந்தா எல்லாம் சுடும்."

முதலில் தெர்மாமீட்டரைத் தம் வாயில் வைத்துப் பார்த்தார். கழுவி என் வாயில் வைத்துப் பார்த்தார். மாமி வாயிலும் வைத்தார். மாமி இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை. நல்ல ஆட்களிடம் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று நிச்சயமான பிறகுதான் நோயாளியிடம் போனார். நூற்று மூன்றரை. உதறிவிட்டு மறுபடி வைத்தார். அதே நூற்று மூன்றரை. மூன்றாம் தடவையும் அதுவே காட்டியபோது, ஏமாந்துபோனவர் முகத்தோடு, "உள்ளதுதான்" என்றார்.

மாமி ஜன்னலை அடைத்து, மகனை இரண்டு கம்பளியால் மூடி வைத்திருந்தார். கம்பவுண்டர் இரண்டையும் உருவி எறிந்தார்.

"எனக்க மொவனுக்குக் குளிருது வேய்!"

"பழுக்கப் போட இவரென்ன வாழக்குலையா? ஜன்னலத் தொறயும். துணிய நனைச்சு ஒடம்பத் தொடைச்சிட்டே இரி மக்கா. பச்சவெள்ளம் வேண்டாம், கையில பட்டா சூடும் தெரியப்படாது, தணுப்பும் தெரியப்படாது. இடையிடையே கஞ்சிவெள்ளம், உப்பிட்டு."

அதோடு விட்டாரா? கஞ்சிவெள்ளச் செம்பில் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். சாயந்திரம் வந்து கோட்டைப் பார்த்தார். "கொறஞ்சிருக்கு. குடிச்சது இவரா, நீயா?" மாமி மகனுக்கு மீன்குழம்பு கொடுத்திருப்பாரோ என்று காய்ச்சல்காரர் விரலை மோந்து பார்த்தார். என்னிடம், "மூத்திரம் போனாரா?" என்றார். மூணு தடவை என்றேன். "கண்டியா, இல்ல அவரு சொன்னதா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் செம்பை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அதன்பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தவறாமல் வந்து நின்றார். அந்த மழையில், ரோடு முழுக்கப் போலீஸ் நிற்கும்போது, எங்கள் வீட்டுப் படி ஏறியவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் தலைக்கேறியது. கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை. கூரையைப் பார்த்து ஆதாரம் எழுத ஆரம்பித்துவிட்டார். "கிழக்கே மலை... சாட்சி ஒண்ணு, உதியன்குளங்கரை தையல்காரன். சாட்சி ரெண்டு, அதியன்னூர் சைக்கிள்கடைக்காரன்..." அய்யோ! கூட இருந்து நோட்டீஸ் ஒட்டியவர்களை ஒவ்வொருவராகச் சாட்சி போடுகிறார், அதுவும் கம்பவுண்டர் முன்னால்!

"நடிப்பா?" என்று கேட்டபடி கம்பவுண்டர் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட நூற்று ஐந்து. இரண்டாம் தடவை வைக்கவே இல்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துணியை நனைத்தார். விளக்கு வைக்கிற வரை துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கோ இரண்டு பயம். ஒன்று, இவர் பிழைப்பாரா? இன்னொன்று, கம்பவுண்டர் காதில் விழுந்ததையெல்லாம் எங்கே போய்ச் சொல்லப்போகிறார்?

மூன்றாம் நாள் விடிந்ததும் கம்பவுண்டர், "மருந்து மிக்சர் கொண்டு வாறேன்" என்று கிளம்பிப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற ரோடு வழியே போனார். "போறான் பாத்தியா? நான் சொன்னனா இல்லியா?" என்றார் மாமி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பத்து மணி வாக்கில் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. பாய் நனைந்தது. நெற்றி தணுத்தது. "தாகமாட்டிருக்கு" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அழுதேன், மாமி முழங்கால் படியிட்டு ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லி எழும்பினால், முற்றத்தில் ஏட்டு. அவருக்குப் பின்னால் மருந்துக் குப்பியோடு கம்பவுண்டர்!

மாமி பார்த்த பார்வையில் அந்தக் குப்பி உடையாதது அதிசயம்.

"ஆதாரம் எழுத்துக்காரர எழும்பி வரச் சொல்லணும்" என்றார் ஏட்டு. "கடுத்த காய்ச்சலாக்கும்" என்றேன். "எல்லாருக்கும் எங்களக் கண்டா காய்ச்சல் உண்டு அம்மா. உங்க வாக்கும் வேண்டாம், எனக்க வாக்கும் வேண்டாம். எனக்க பல்லுவேதனைக்கே சர்ட்டிபிகேட் தராத மனுஷன் இந்தக் கம்பவுண்டர். இவரு காய்ச்சல் எண்ணா காய்ச்சல். இல்லேண்ணா இப்பமே நடக்கணும்."

எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாதவரை மழையில் நடத்திக் கொண்டுபோய் லாக்கப்பில் ஈரத்தரையில் போட்டால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலோ இறங்கிவிட்டது. வந்திருப்பதோ, பொய்யே சொல்லாத மனுஷர்.

கம்பவுண்டர் உள்ளே வந்து இவர் முகத்தைப் பார்த்தார். நனைந்த பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மக்கா, தெர்மாமீட்டர் கழுவ ஒரு தம்ளர் வெள்ளம். சூடா இருக்கட்டு."

மூன்று நாளாகப் பச்சைத்தண்ணீரைத் தவிர எதிலும் அதைக் கழுவவிடாத மனுஷர்! நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். வழக்கம்போல ஏட்டு வாயில் வைத்துச் சரிபார்த்தார். இவர் வாயில் வைத்தார். எடுத்தார். ஏட்டுக்கு முதுகு காட்டித் தம்ளரில் ஒரு முக்கு முக்கினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினார்.

"நூத்திநாலு. நீரே வாசியும்."

ஏட்டு வாசித்தார். ஆனாலும் போலீஸ் புத்தி போகுமா? "ஒண்ணு தொட்டுப் பாக்கேன்" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். பச்சைத்தண்ணீராகத் தணுத்துக் கிடக்கிற நெற்றி! எனக்கு உயிர் போய்விட்டது.

"தொடும், நல்லாத் தொடும்" என்றார் கம்பவுண்டர். "அம்மையா இருக்குமோண்ணு எனக்கொரு சம்சயம் உண்டு. வேற ஒண்ணுமில்ல."

ஏட்டு முற்றம் தாண்டியது ஒரு பாய்ச்சலில். கீழே விழுந்த தொப்பியை நாங்களே எடுத்துக்கொண்டு ஓடி வேலிக்கு மேலே நீட்டினோம். "அங்க வையும், அங்க வையும்!" என்று தூரத்தில் நின்று கத்தினார். பிறகு ஒரு மாசத்துக்கு எங்கள் வீட்டுப் பக்கம் காக்கிச் சட்டை தலை காட்டவில்லை.

கம்பவுண்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மருந்துக் குப்பியக் கண்டு ஸ்டேஷன் முன்னால வச்சுப் புடிச்சுக்கிட்டான் மக்கா, நான் கூட்டிட்டு வரல்ல" என்றார். மாமி உள்ளே போய்ச் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கம்பவுண்டர் மோந்து பார்த்தார்.

"விஷம் ஒண்ணும் வைக்கல்ல, தின்னும் வேய்."

"அது தின்னாத்தானே தெரியும்" என்று சொல்லி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். காய்ச்சலில் இவர் சொன்ன சாட்சிகளைப் பற்றி ஒருவரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. போகும்போது நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘பதினெட்டு: ஒன்பதாவதையே கம்பவுண்டர் செய்தது.’

போராட்டமெல்லாம் முடிந்து எல்லை எங்களுக்குத் தெற்கே போய் விழுந்தது. மாவடை மரவடை கிணறு உள்பட நாங்கள் மலையாளப் பக்கமே தங்கிவிட்டோம். அந்த வரைபடம் வந்த பேப்பரைப் பார்த்துவிட்டு, "கோடு கிழிச்சவன் நேர்ல வந்து பாத்தானாமா?" என்று மட்டும் கம்பவுண்டர் கேட்டார்.

சில வருஷங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு அவர் வரவில்லை. போய்ப் பார்த்தவர்கள் முடிந்துவிட்டது என்றார்கள். நாங்களும் ஓடினோம். போதகர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். நான், "நிக்கும் ஐயா" என்றேன். அவருடைய சட்டைப் பையிலிருந்து அந்த வட்டக் கண்ணாடியை எடுத்து மூக்கருகே பிடித்தேன். துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். மூன்றாம் தடவையும் பிடித்துக்கொண்டே நின்றேன். என் வீட்டுக்காரர் வந்து கையைத் தாழ்த்துகிற வரை.