மாடு ஜெயித்தது, மாட்டுக்காரன் உட்கார்ந்தான்

சிகரெட் பிடிப்பவர்களில் நான் தனி ரகம். காசு கொடுத்து வாங்க மாட்டேன், தனியாகப் பற்றவைக்க மாட்டேன். கேட்டால், ‘சும்மா கம்பெனிக்கு’ என்பேன். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வரை இதை ஊரும் நம்பியது, நானும் நம்பினேன்!

எங்கள் காளையின் பெயர் ராக்கெட். கன்றிலிருந்து மதினி (அண்ணன் மனைவி) பருத்திவிதையும் பேரீச்சம்பழமும் ஊட்டி வளர்த்தது. அன்றுதான் முதன்முதலாகக் களமிறங்குகிறது. வாடிவாசலில் அவிழ்த்துவிடுவது அண்ணன். களத்தைத் தாண்டி வரும் மாட்டை, கடைசியில் நின்று கயிறு வீசிப் பிடிப்பது நான். அங்கே கோட்டைவிட்டால் மாடு மிரண்டு ரோட்டுக்கு ஓடும், கிணற்றில்கூட விழும்.

கயிற்றைக் கொடுக்கும்போதே மதினி மூக்கைச் சுளித்தார்.

“என்ன கொழுந்தனாரே, வாடை வருது?”

“நான் நாலு பேரு கூடுனாத்தான் பிடிப்பேன் மதினி.”

“இன்னைக்கு ஊரே கூடியிருக்கே! எம்பிள்ளையப் பிடிக்க மூச்சு இருக்குமா?”

“அம்புட்டு மூச்சு இருக்கு மதினி!”

போய் நின்றேன். நேரம் ஆக ஆக விரல் துறுதுறுத்தது, வாய் வறண்டது. சுற்றிலும் ஒருவர் வாயிலும் புகை இல்லை. கொள்கைக்காரன் தனியாகப் பிடிக்கலாமா? ஆகவே கம்பெனி தேடிக் கிளம்பினேன்! (அடிமையாகவில்லை, பாருங்கள், ஆள்தான் தேடினேன்.) தண்ணீர் வண்டிக்காரர், “விட்டு ரொம்ப நாளாச்சு தம்பி” என்றார். முறுக்கு விற்றவர் முறைத்தார். வேப்பமரத்தடியில் முன்பின் தெரியாத ஓர் அண்ணன் சும்மா நின்றிருந்தார்.

“அண்ணே, நீங்க பிடிச்சா நானும் பிடிப்பேன்.”

“நான் பிடிக்கணும்னு நெனைக்கவே இல்லையேப்பா!” என்றவர், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, இருவருக்கும் பற்றவைத்தார்.

இரண்டு இழுப்புத்தான் இழுத்திருப்பேன். மைக் அலறியது.

“மாடு ஜெயிச்சிருச்சு! தொட்டுக்கூடப் பாக்க முடியலையேப்பா! மாட்டுக்காரருக்குப் பீரோ!”

ராக்கெட் வந்தது! என்ன வேகம், என்ன திமில்! புழுதியைக் கிழித்துக்கொண்டு என்னைத் தாண்டியது. ஓடினேன். நாலு எட்டிலேயே நெஞ்சுக்குள் பழைய டவுன் பஸ் கிளம்புகிற சத்தம். கயிற்றை வீசினேன், அதே நொடியில் இருமல் வந்தது. கயிறு என் காலிலேயே சுற்றிக்கொண்டது. ராக்கெட் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு சமயநல்லூர் ரோட்டைப் பிடித்தது. நான் தரையைப் பிடித்தேன்.

மைக் பிடித்தவர் அதையும் விடவில்லை. “மாடு ஜெயிச்சிருச்சு... மாட்டுக்காரன் உக்காந்துட்டான்யா! தூக்குங்கப்பா!”

தூக்கினார்கள். மருத்துவ முகாமில் நர்ஸம்மா சட்டையை விலக்கி விலக்கித் தேடினார். “எங்க குத்துச்சு?”

“குத்தலக்கா. மூச்சு வாங்குது.”

“சிகரெட் உண்டா?”

“எப்பவாச்சும்.”

“கடைசியா எப்ப?”

“இப்பத்தான்.”

“அதுக்கு முன்னாடி?”

“காலைல.” என் பதில் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

“ஓசி சிகரெட்டு, காசு சிகரெட்டுன்னு நுரையீரலுக்குத் தெரியாது தம்பி” என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே குத்துப்பட்டவரைப் பார்க்கப் போனார்.

அதற்குள் மதினி ஸ்கூட்டியில் விரட்டிப் போயிருந்தார். ஒரு கிணற்று மேட்டில் மிரண்டு நின்ற ராக்கெட், அவர் குரல் கேட்டதும் தானாக நடந்து வந்ததாம். திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். திட்டியிருந்தால் தேவலை.

சிகரெட்டை விட்டுவிட்டேன். சுலபமாக இல்லை, டீ கிளாஸைப் பார்த்தாலே விரல் துறுதுறுக்கும். தினமும் ராக்கெட்டுடன் ஓடுகிறேன். (பின்னால்தான்.) பரிசுப் பீரோ என் அறையில் நிற்கிறது. எனக்கு மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நான் உட்கார்ந்தால் போதும், வீட்டில் யாராவது அந்த மைக் அறிவிப்பைச் சொல்லிக்காட்டிவிடுகிறார்கள்.

போன மாதம் பரவையில் பெண் பார்க்கப் போனோம். “உக்காருங்க மாப்ள” என்றார்கள். உட்கார்ந்தேன். அண்ணன் மகள் டீ ஸ்பூனை எடுத்து, மைக் மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்தாள்.