கண்ணைக் கட்டிய தேங்காய்ப் பாவா

"நாச்சியா மச்சி, உங்கட வளவில தேங்காய் எழும்பி நிண்டிட்டாமே?"

"படுத்துக் கிடந்தது எழும்பத்தானே செய்யும். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? கடல் திரும்பி வரும் எண்டு அர்த்தம்! அந்த வீட்டில என்ட மகன எப்பிடிக் குடியேத்துற?"

குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று ஷாஹினா கேட்ட உரையாடல் இது. ஒரு சொல்லும் அவளுக்கு மறக்கவில்லை. நாச்சியா அவளுடைய உம்மா. வந்து மிரட்டிய ஆயிஷா உம்மா, அவளுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை ஸஹீதின் உம்மா. எங்கள் கரையோர ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடி வருவார். ஆகவே பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டின் கூரையைப் பார்த்துவிடுவார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருடம். சோதனைச் சாவடிகள் போயின, வங்கிகள் வந்தன, சாய்ந்தமருதில் காணி விலை பட்டம்போல் ஏறியது. அந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார் தேங்காய்ப் பாவா. முன்பு கிணறு வெட்ட நீரோட்டம் பார்த்தவர். ஊருக்குள் குழாய்த் தண்ணீர் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. ஆகவே சற்றுப் பெரிய தண்ணீருக்கு மாறினார்.

உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்து, வீட்டைச் சுற்றிய வளவுக்குள் வெறுங்காலோடு நடப்பார். அடுத்த சுனாமி எட்டும் இடம் வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும். பின்னால் மோட்டார் சைக்கிள்கள், அதற்குப் பின்னால் ஐஸ்பழக்காரர். பாவா ஒரு சதமும் வாங்கமாட்டார். "காசு வாங்காத மனிசன் ஏன் பொய் சொல்லப் போறார்?" என்றது ஊர். தரகர் மீராமுகைதீனைக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அவரிடம் எல்லாரும் காணி விலையை மட்டுமே கேட்டார்கள்.

தேங்காய் எழும்பிய வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே மீராமுகைதீன் போவார். கண் கலங்குவார். பாதி விலைக்குக் கேட்பார். விற்றவருக்கே, மேற்கே வயலை நிரப்பி மேடாக்கிய தன் காணியை இரட்டை விலைக்குக் கொடுப்பார்.

விற்க மனமில்லாதவர்களுக்கு, வீட்டைத் திருத்தும் ஆலோசனையும் பாவாவிடம் இருந்தது.

"கிழக்கு ஜன்னலக் கல்லு வெச்சு அடைங்க. கடலுக்கு உங்கட வீடு தெரியக்கூடா."

ஒரே வாரத்தில் கடலோரத் தெருவில் கிழக்கு ஜன்னலே இல்லை. சும்மா வந்த காற்றை அடைத்துவிட்டு மின்விசிறி வாங்கினார்கள். கடல் வருகிறதா என்று எட்டிப் பார்க்கவும் வழியில்லாமல் போனது.

நாச்சியா அடைக்கவில்லை. கணவரையும் வீட்டையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோன பிறகு, மகளுக்காக அவள் மறுபடி எழுப்பிய சுவர்கள் அவை. ஆனால் ஆயிஷா உம்மா கெடு வைத்துவிட்டார். கடலோர வீட்டை விற்று மீராமுகைதீனின் காணியை வாங்க வேண்டும். இல்லையென்றால் கலியாணம் இல்லை.

"எனக்குத் துளி நம்பிக்க இல்ல, ஷாஹினா. தேங்காயாவது எழும்புறதாவது!" என்றான் ஸஹீத், தொலைபேசியில்.

"இத உங்கட உம்மாக்கிட்ட சொன்னீங்களா?"

"அவ பிரசர்காரி. எப்பிடிச் சொல்ற?"

ஷாஹினா ஒன்று கேட்க வாயெடுத்தாள். கேட்காமலே வைத்துவிட்டாள்.

மறுநாள் பக்கத்து வளவில் பாவா. முன்வரிசையில் ஆயிஷா உம்மா. ஷாஹினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"பாவா, நீங்க இடத்தக் கண்ணால பாத்தா சொல்றீங்க?"

"கண் எதுக்கு மகள்? தேங்காய்க்குத் தெரியும்."

"அப்ப கண்ணக் கட்டிக்கிட்டு ஒருக்காச் செய்யலாந்தானே?"

பாவா இருமினார். அவரை மாட்டிவிட்டது அவருடைய கூட்டம்தான். இன்னும் பெரிய அதிசயம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் யார் விடுவார்?

"கட்டுங்க! கட்டுங்க!"

"பாவாவுக்கு ஏலும்டா!"

"என்ட கையாலேயே கட்டுவன்" என்று ஆயிஷா உம்மா துணியை இறுக்கிக் கட்டினார். பக்தி அதிகம், முடிச்சும் பலம்.

பக்கத்து வீட்டு றஊபின் ஓட்டோ பாவாவை ஏற்றிக்கொண்டு, ஷாஹினா கை காட்டிய பக்கமெல்லாம் சுற்றிச் சுற்றிப் போனது. பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்தபடி. ஓரிடத்தில் நின்றது. பாவா செருப்பைக் கழற்றி இறங்கினார். காலடியில் மெத்தென்ற மணல். முகம் மலர்ந்தது. இரண்டடி நடந்தார். தேங்காய் எழுந்து நின்றது.

"வருது! கடல் இந்த இடத்துக்கு ஆளுயரத்துக்கு வருது! இதில ஒரு கல்லும் வெக்காதீங்க!"

"வாய மூடும் பாவா! இது என்ட காணி!"

கத்திக்கொண்டு ஓடி வந்தது மீராமுகைதீன்.

துணியை அவிழ்த்தார்கள். சுற்றிலும் பச்சை வயல், நடுவே கொக்குகள். கடலின் இரைச்சல்கூட எட்டாத இடம். வயலை நிரப்ப மீராமுகைதீன் கடற்கரை மணலை அள்ளிக் கொட்டியிருந்தார். மணலை மிதித்தது கால், எழும்பியது தேங்காய், நடுவில் வேலை பார்த்தது கையின் பெருவிரல்.

"என்ட ஜன்னல ஆரு திரும்ப உடைச்சுத் தாற?" என்று ஒருத்தி பாவாவின் சால்வையைப் பிடித்தாள். கூட்டத்தில் ஒருவர் மட்டும், "அப்ப கடல் இவ்வளவு தூரம் வருமா?" என்று நடுங்கினார். அப்படி ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்.

ஆயிஷா உம்மா துணியைச் சுருட்டியபடி வந்தார். "பிழைதான் மகள். அந்த வீடே இரிக்கட்டும். பெருநாளோட கலியாணத்த வெச்சுக்குவம்" என்று சொல்லிவிட்டு நாச்சியாவைத் தேடி நகர்ந்தார்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்திருந்த ஸஹீத் மெல்ல நெருங்கி, சிரித்தான்.

"இது ஏமாத்து எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியாம நம்பினவங்க பாவம்" என்றாள் ஷாஹினா. "தெரிஞ்சுக்கிட்டு வாய மூடி நிண்ட நீங்கதான் அந்தத் தேங்காயத் தாங்கிப் பிடிச்சீங்க."

அவன் சிரிப்பு நின்றது.

"உங்களுக்கிட்ட ஒண்டு கேக்கணும். கன நாளாக் கேக்க நினைச்சு, கேக்காம விட்டது."

"கேளுங்க."

"பொய் எண்டு தெரிஞ்சா, இனி என்ட காதுக்குள்ள சொல்லாதீங்க. உங்கட உம்மாட முகத்தப் பாத்துச் சொல்லுங்க. இப்ப எனக்குச் சொன்னத, இப்பவே போய்ச் சொல்லுங்க. நான் பக்கத்தில நிக்கிறன்."