பூசணிக்காய்க்கு வந்த புற்றுநோய்

1991-ஆம் வருஷம். மணிமங்கலத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் சேரப்பணஞ்சேரிக்கு வந்த பஸ்களில் கால் வைக்க இடமில்லை. நைட் ஷிப்ட் முடித்த கம்பெனிக்காரர்கள்கூடத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார்கள். காரணம், தாண்டவராயன். போன வருஷம்வரை ஜோசியர். இந்த வருஷம் வெள்ளைக் கோட்டு. வாசலில் பலகை: ‘புல்லுருவி ஆராய்ச்சி லேபரட்டரி’. மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியின் சாறு நிணநீர்ப் புற்றைக் கரைத்துவிடுமாம். ஒட்டிப் பிழைப்பதற்கு ஒட்டிப் பிழைப்பவரின் சிபாரிசு!

ஆராய்ச்சியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கழுத்துக் கட்டியில் மஞ்சள் பற்றுப் போடுவார். ‘சுத்த ஜலத்தில்’ நனைத்த பஞ்சால் துடைப்பார். பஞ்சு சிவக்கும். “நோய் ரத்தம்!” என்பார். அதில் புல்லுருவிச் சாற்றைச் சொட்டுவார். மறுபடி மஞ்சளாகும். “நோய் செத்துச்சு!” பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கல்யாணம் தவறாமல் ஆரத்தி கரைத்த கைகள்தான் அத்தனையும்.

ரத்தினத்துக்கு உண்மையாகவே நிணநீர்ப் புற்று. ஆஸ்பத்திரி ஊசியில் கட்டி பாதி சுருங்கியிருந்தது. திங்கட்கிழமை அடுத்த ஊசி. “ஊசி போட்டா என் மருந்து வேலை செய்யாது” என்று தாண்டவராயன் சொன்னதும், ஊசியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டாள் மனைவி சந்திரம்மாள்.

ரத்தினத்தின் தங்கை மதிவதனி அண்ணியைத் தடுத்துப் பார்த்தாள். “இன்னா அண்ணி, அண்ணன் உசுருல விளையாடுறீங்க?”

“ஊரே போய்கினு கீது மதி. ஊருக்கா புத்தி இல்ல?”

ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அண்ணியோடு மதிவதனியும் லேபரட்டரிக்குப் போனாள், இடுப்பில் ஒரு பூசணிக்காயோடு. காணிக்கை என்று நினைத்துத் தாண்டவராயன் முகம் மலர்ந்தார்.

“காணிக்கை இல்ல வைத்தியரே, பேஷண்ட்டு!”

வீட்டு மஞ்சளைக் குழைத்துக் காயில் பூசினாள். அவர் தட்டிலிருந்த ஈரப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு செக்கச்செவேல்!

“ஐயோ, பூசணிக்கும் புற்றா?” என்றது கூட்டம்.

இந்தச் சிவப்பை எங்கே பார்த்தோம் என்று சந்திரம்மாள் யோசித்தாள். அன்றுதான் யோசித்தாள்.

“அடப்பாவி, இது ஆரத்தி! ஜலம்னு சொல்லி சுண்ணாம்புத் தண்ணி வெச்சிகிறியா?” சாற்றை எடுத்து முகர்ந்தாள். “இதுல எலுமிச்சம்பழம்! அதான் சிவப்பு திரும்ப மஞ்சளாவுது!”

“வெளிநாட்டு லேப்ல புல்லுருவிய ஆராய்றாங்கம்மா!” என்று உளறினார் தாண்டவராயன்.

“ஆராய்றாங்க. டாக்டர் மருந்தோட சேர்த்துக் குடுத்தா எதுனா பலன் கீதான்னு இன்னும் பாத்துகினு கீறாங்க. நீ எதையும் பாக்காமலே ஊசிய நிறுத்தச் சொல்றியே!” என்றாள் மதிவதனி.

கூட்டம் சிரித்த சிரிப்பில் வைத்தியர் பின்வாசலைத் தேடினார். திங்கட்கிழமை ரத்தினம் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாத வீடு இந்தத் தாலுகாவில் இல்லை. தெரிந்ததை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை. ஐயா, அம்மா, எந்த வாசலிலும் செருப்பைக் கழற்றி வையுங்கள், தப்பில்லை. மூளையைக் கழற்றி வைக்காதீர்கள்!