மடிய மறுத்த மலை

இமயமலை மீது எனக்குத் தனிப்பட்ட முறையில் கோபம் உண்டு. கோடிக்கணக்கான வருடங்களாகப் பாறை அடுக்குகள் அழுத்தத்தில் மெதுவாக மடிந்து மடிந்து மலையாகியிருக்கின்றனவாம். எனக்கு ஒரே ஒரு முறை, ஒரு மரப்பெட்டிக்குள், ஒரு சாண் உயரத்துக்கு மடிந்து கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அது 2005. எம்.ஏ. ஜியாகிரபி, பி.எட். முடித்துவிட்டு மரக்காணத்தில் வீட்டோடு கிடந்தேன். பார்த்தவர்களெல்லாம், "இவ்ளோ படிச்சி இன்னாம்மா பண்ற?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள். அப்போதுதான் ஈ.சி.ஆர். ஓரத்துத் தனியார் பள்ளி ஒன்றில், தாளாளர் முன்னிலையில் பாடம் நடத்திக் காட்டக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பிடித்தால் வேலை.

ஒரு பக்கம் கண்ணாடி வைத்துப் பெரிய பெட்டி செய்தேன். செம்மண், மணல், களிமண் என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். ஓரத்துப் பலகையை மெதுவாகத் தள்ளினால் அடுக்குகள் அலை அலையாக மடிய வேண்டும். முதல் நாள் சாயங்காலம் உப்பளத்திலிருந்து வந்த என் அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா இது, மண்ணு பொதபொதன்னு இருக்குது?"

நான் புடவைக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருவதற்குள், உப்புத்தண்ணீரைத் தெளித்து, பெட்டிக்குள் இறங்கி மிதித்தே விட்டான். (உப்புப் பாத்தியைக் கெட்டியாக்க மிதித்து மிதித்துப் பழகிய கால் சும்மா இருக்குமா?)

"கெட்டியாக்கிட்டேன். லாரி ஏறினாலும் அசையாது" என்றான் பெருமையாக. மழமழவென்று அழகாகத்தான் இருந்தது. நானும் (அறிவுக்கொழுந்து!) தேங்க்ஸ் சொன்னேன்.

மறுநாள் எட்டாம் வகுப்பு. முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் தாளாளர்.

"பாறைன்னா உடையும்னுதானே நினைக்கிறீங்க? பூமிக்கடியில, சூட்டுல, மெதுவா அழுத்தினா பாய் மாதிரி மடியும். மேல வளைஞ்சா மேல்மடிப்பு, கீழ வளைஞ்சா கீழ்மடிப்பு" என்று கம்பீரமாகச் சொல்லிப் பலகையைத் தள்ளினேன். அசையவில்லை. உப்பு இறுகிக் கல்லாகியிருந்தது.

"டீச்சர், மலை எப்ப வரும்?" என்றது ஒரு குரல்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சுவரில் காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பெட்டி வைத்திருந்த மேசையே கிறீச்சென்று நகர்ந்து நேராகத் தாளாளரிடம் போனது. முன்னால் மேசை, பின்னால் டெஸ்க், நடுவில் அவர் வயிறு. அன்று அந்த வகுப்பில் மடிந்தது அது ஒன்றுதான்.

ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அது மேல்மடிப்புதானே?" என்றாள். சரியான விடை! பாடம் புரிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? யாராவது கண்டுகொண்டார்களா?

மூச்சு திரும்பியதும் தாளாளர் சொன்னார்: "ஜியாகிரபிக்கு வேற ஆள் பாருங்க. இந்தம்மாவ பி.டி. டீச்சரா போட்டுக்கங்க."

எம்.ஏ. படித்தவள் விசிலும் கழுத்துமாகக் கபடிக்குக் கோடு கிழித்தேன். இன்றும் வீட்டில் பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் அண்ணன் யாரையும் தொடவிட மாட்டான். "இருங்க, மலைய தள்ளுனவங்க வரட்டும்" என்பான். கெட்டியாக்கிய பாவி அவன்தான் என்பது அவனுக்கு வசதியாக மறந்துபோகும். ஒருநாளாவது நகராமல் நின்று அவன் வாயை அடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கை வைக்கிறேன். பாழாய்ப்போன பீரோ, தொட்டதும் நகர்கிறது.